அம்மையப்பன் கொட்டிய எரு

தெரியாது என்று அம்மையப்பன் சொல்லி நான் கேட்டது ஒரே ஒரு தடவைதான். அதுவும் கம்பெனி இன்ஜினியர் கேட்ட கேள்விக்கு இல்லை, போனில் அவன் மனைவி வடிவு கேட்ட கேள்விக்கு. மற்றபடி எதைக் கேட்டாலும் அவனிடம் பதில் இருக்கும். அந்தப் பதில் பெரும்பாலும் சரியாகவும் இருந்துவிடும் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

2006இல் நாங்கள் இருவரும் துபாய் ஜெபல் அலியில் ஒரு தோட்டப் பராமரிப்புக் கம்பெனியில் இருந்தோம். நான் ஃபோர்மேன். பெயர் இஸ்ரவேல், ஊர் குளச்சல் பக்கம். கடற்கரையில் பிறந்தவனுக்குப் புல்லோடு என்ன உறவு என்று கேட்கலாம். பைப், மோட்டார், வால்வு இவைதான் என் தொழில். பதினோரு வருடம் தோட்டங்களுக்குத் தண்ணீர் விட்டே ஃபோர்மேன் ஆனவன் நான். பூச்சிமருந்து ஸ்டோரின் சாவி என் இடுப்பில் தொங்கும். செடியில் எது ஊர்ந்தாலும் ஸ்டோரைத் திற, டப்பாவை எடு, அளந்து கலக்கு, அடி. எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். அது போதுமானதாகவும் இருந்தது.

அம்மையப்பன் பேராவூரணிக்காரன். என்னைவிட மூன்று வயது இளையவன். தென்னையும் கடலையும் போடுகிற குடும்பம். துபாய்க்கு வந்தது கொத்தனாருக்குக் கையாளாக. இரண்டு வருடம் சிமெண்ட் மூட்டை தூக்கியபோது, சைட் ஆபீஸ் வாசலில் செத்துக்கொண்டிருந்த நாலு அரளிச் செடிகளை டீக்குடிக்கிற நேரத்தில் பார்த்துப் பார்த்துப் பிழைக்க வைத்தானாம். அதைக் கண்ட எங்கள் மேனேஜர் அவனைக் கையோடு அழைத்து வந்துவிட்டார். இந்தக் கதையைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அரளிகள் கூடிக்கொண்டே போகும். நான் கடைசியாகக் கேட்டபோது பதினாறு.

யூனிஃபார்மை இஸ்திரி போடாமல் டியூட்டிக்குக் கிளம்ப மாட்டான். மண்ணில் உட்காரப் போகிறவனுக்கு மடிப்பு எதற்கு என்று ரூமில் எட்டுப் பேரும் கேலி செய்வோம். "வெவசாயியப் பாத்தா நாலு பேரு மதிக்கணும்ணே" என்பான். லேபர் என்று யாராவது சொன்னால் அன்று முழுக்கப் பேசமாட்டான். புது இடத்துக்குப் போனால் குழாய்த் தண்ணீரை நாக்கில் விட்டுப் பார்த்து உப்பு எவ்வளவு என்று சொல்லிவிடுவான். நான் மீட்டரை முக்கிப் பார்ப்பேன். ஏறக்குறைய அதே அளவு காட்டும். "பரவால்ல, மீட்டரு சரியாத்தான் வேல செய்யுது" என்று மீட்டருக்கு நற்சான்று கொடுத்துவிட்டு நகர்வான். இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு வேலை வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று வாங்கியவனுக்குத்தான் தெரியும்.

அவனுடைய சைட் மக்தூம் நடத்திய நிலையம். மக்தூம் உள்ளூர்க்காரர், ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். நடக்க முடியாத குழந்தைகளுக்காக அதை நடத்தினார். அங்கே வந்த இருபது குழந்தைகளில் அவர் மகள் ஷம்மாவும் ஒருத்தி. ஐந்து வயது. இடுப்புக்குக் கீழே வலு இல்லை. கட்டடத்துக்குப் பின்னால் நாலு வாலிபால் கோர்ட் அளவுக்கு ஒரு புல்வெளி. நர்ஸ் ஷிஜி குழந்தைகளை அங்கே கொண்டுவந்து குப்புறப் போட்டுவிடுவாள். அவை இரண்டு கையாலும் புல்லைப் பற்றி இழுத்து இழுத்து முன்னால் போகும். கையும் முதுகும் வலுப்பட அதுதான் பயிற்சி. வீல்சேரும் தூக்க ஆளும் இல்லாமல் அந்தக் குழந்தைகள் தாமாக ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போனது அந்தப் புல்லின் மேல் மட்டும்தான். அதுவும் நவம்பரிலிருந்து மார்ச் வரை. மற்ற மாதங்களில் வெளியே தலைகாட்ட முடியாது.

குழந்தைகள் புல்லை வாயிலும் வைக்கும். அதனால் ஒரு சொட்டு மருந்துகூட உள்ளே வரக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். என் சாவிக்கு அங்கே வேலை கிடையாது. மருந்தில்லாமல் புல்லைக் காப்பாற்றுகிற ஆள் எங்கள் கம்பெனியில் ஒருவன்தான் என்பதால் அம்மையப்பனை அங்கே போட்டிருந்தோம். இரண்டு குளிர்காலம் நன்றாகவே போனது.

மூன்றாவது வருடம் செப்டம்பரில்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. கம்பெனி கொடுக்கும் மூட்டை எருவில் சத்தே இல்லை, ஆட்டு எரு வேண்டும் என்றான். என் பிக்கப்பில் இருவருமாக ஹத்தா ரோட்டில் ஓர் ஆட்டுப் பண்ணைக்குப் போனோம். அங்கே இரண்டு ஆள் உயரத்துக்கு எரு குவிந்து கிடந்தது. அம்மையப்பன் முழங்கை வரைக்கும் கையை விட்டு ஒரு பிடி எடுத்து நசுக்கினான், முகர்ந்தான், என் மூக்குக்கும் நீட்டினான்.

"வாசம் வருதாண்ணே?"

"ஒண்ணும் வரேல்லியே."

"வராது. ஆறு மாசம் கெடந்து நல்லா மக்கிடுச்சு. இது மண்ணு இல்லண்ணே, தங்கம்."

ஒரு டிப்பர் நிறைய வந்தது. புல்வெளி முழுக்க விரல் கனத்துக்குத் தூவினான். மிச்சத்தைப் பம்ப் ரூமுக்குப் பின்னால் குவித்தான். அக்டோபரில் புல் கருகருவென்று வளர்ந்தது. மற்ற சைட் ஆட்களை வெள்ளிக்கிழமை வரவழைத்துச் சுற்றிக் காட்டினான். எனக்கும் கொஞ்சம் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

நவம்பர் முதல் வாரம் புல்வெளியின் ஒரு பாதியில் தட்டு அளவுக்கு வட்டம் வட்டமாகப் பழுப்பு விழுந்தது. அதோடு கொண்டலாத்திக் குருவிகள் வந்து இறங்கின. தலையில் கொண்டையை விரித்துக்கொண்டு நீண்ட மூக்கால் புல்லைக் குத்திக் குத்திக் குழி போட்டன. புல்லைக் கெடுப்பதே இவைதான் என்று நினைத்து ஹோஸை எடுத்துத் தண்ணீர் அடித்து விரட்டினேன். அம்மையப்பன் ஓடிவந்து ஹோஸை மடக்கிப் பிடித்தான்.

"அதுகள ஏண்ணே வெரட்டுறீங்க? சோத்துக்கு வந்துருக்கு. சோறு எங்க இருக்குன்னு பாப்போம்."

பழுப்பு விழுந்த இடத்தில் புல்லைப் பிடித்து லேசாகத் தூக்கினான். குப்பூஸ் ரொட்டியைத் தட்டிலிருந்து எடுப்பதுபோல அப்படியே கையோடு வந்தது. கீழே ஒரு வேர்கூட இல்லை. மண்ணைக் கிளறினால் வெள்ளை வெள்ளையாய், கட்டைவிரல் பருமனில், சுருண்ட புழுக்கள். ஒரு சதுர அடி வெட்டி எண்ணினான். பதினேழு.

"வேர்ப்புழு. வண்டு போட்ட முட்டைலேருந்து வர்றது. ஒண்ணு ரெண்டு இருந்தா புல்லு தாங்கும். பதினேழுன்னா தாங்காது."

அன்று மாலையே மக்தூம் வந்து பார்த்தார். பிடித்து இழுத்தால் கையோடு வருகிற புல்லில் குழந்தைகளை விடமுடியாது. மருந்து கூடாது என்று சொன்னவரும் அவரே. பழுப்பு வட்டங்களை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு, பிளாஸ்டிக் புல் விற்கிறவர்கள் ரொம்ப நாளாகவே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், டிசம்பர் பதினைந்து வரை பொறுப்பேன், அதற்குள் சரியாகாவிட்டால் பிளாஸ்டிக்கை விரித்துவிடுவேன் என்றார். கலாஸ், முடிந்தது என்று கையைத் தட்டிவிட்டுப் போனார்.

பிளாஸ்டிக் விரித்த இடத்துக்குத் தோட்டக்காரன் எதற்கு? அம்மையப்பனின் விசா ஜனவரியில் முடிகிறது. புதுப்பிக்க வேண்டிய பேப்பர் ஆபீஸ் மேசையில் கிடந்தது. இந்த சைட் போனால் அந்தப் பேப்பரில் யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனால் ஷிஜியின் கவலை வேறு. அவளும் எங்கள் ஊர்ப்பக்கம்தான், கருங்கல்.

"பிளாஸ்டிக்குல பிள்ளைகளுக்கு ஒழுங்கா பிடி கெடைக்காதுண்ணா. வெயிலு ஏறினா சூட்டுல கையே வைக்க முடியாது. அந்த ஷம்மா இப்பதான் பத்தடி போவப் படிச்சிருக்கு. விட்டா மறந்துபோவும்."

நான் பதில் சொல்வதற்குள் அம்மையப்பன் முந்திக்கொண்டான். "பதினஞ்சாந் தேதி புள்ளயள இங்க கொண்டாந்து விடுங்க சிஸ்டர். நான் சொல்றேன்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த தைரியத்தில் சொல்கிறான் இவன்?

மறுநாளே வேலையைத் தொடங்கினான். பழுப்பு விழுந்த பாதியில் சாயங்காலம் தண்ணீரைத் தேக்கி வைக்கச் சொன்னான். மண்ணுக்குள் மூச்சுமுட்டிப் புழுக்கள் மேலே வந்தன. விடிந்ததும் கொண்டலாத்தியும் மைனாவும் வந்து தின்றன. தின்றது போக மீதியை நாலு பேராக உட்கார்ந்து பொறுக்கி, சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டார்கள். பிறகு இரண்டு பலகைத் துண்டில் மூன்று அங்குல ஆணிகளை வரிசையாக அடித்து, அதைச் செருப்பாகக் கட்டிக்கொண்டு புல்வெளியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். ஆணி இறங்கிய இடத்தில் புழு செத்தது. முதல் நாள் இரண்டு தடவை விழுந்தான். பார்த்துக்கொண்டிருந்த டிரைவர்கள் சிரித்தார்கள். அவன் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு, "சிரிச்சு முடிச்சவங்க வந்து ஆளுக்கு ஒரு ஜோடி மாட்டுங்க" என்றான். இரண்டு பேர் வந்து மாட்டவும் செய்தார்கள்.

பத்து நாள் ஆனது. பதினேழு பன்னிரண்டானது, மறுபடியும் பதினைந்தானது. புதுப் பழுப்பு வட்டங்கள் பச்சையாக இருந்த பாதியின் ஓரத்துக்கும் வந்துவிட்டன. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஓய், நான் சொல்லுயத கேளும். ஒரே ஒரு தடவ மருந்து அடிப்போம். பத்து நாளு பிள்ளையள விடாண்டாம். ஆருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமேண்ணே."

 சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை வழக்கம்போலக் காலிங் கார்டு போட்டு வடிவுக்குப் போன் செய்தான். ஊரில் தோப்பையும் கொல்லையையும் பார்ப்பது வடிவுதான். இவன் அனுப்புகிற யோசனைகளில் பாதியை அவள் காதில் வாங்குவதே இல்லை என்று இவனே குறைப்படுவான். ரூமில் எல்லோரும் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தான். புழுவின் கதை முழுவதையும் சொன்னான். எரு வாங்கிய கதையையும் சொன்னான், அதுவும் பெருமையாக.

"கொட்டுறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்திக் கெளறுனீங்களா?" என்றாள் வடிவு.

"எதுக்கு? அதான் ஆறு மாசம் கெடந்து மக்கிடுச்சே."

"அங்க மழ பெய்யுமா?"

"இங்க ஏது மழ?"

"மழையே இல்லாத ஊருல குப்ப எப்படிங்க மக்கும்? காயத்தான செய்யும்? காஞ்சா வாசம் போயிடும். உள்ளுக்குள்ள எப்படி இருந்துச்சு?"

அம்மையப்பன் போனைப் பார்த்தான். சுற்றி உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தான்.

"தெரியாது" என்றான்.

ஊரில் ஆறு மாதம் கிடந்த குப்பை என்றால் மழையில் நனைந்து, சூடேறி, வெந்து மக்கிப்போயிருக்கும். அந்தக் கணக்கை அப்படியே பாலைவனத்துக்குக் கொண்டுவந்துவிட்டான். முழங்கை ஆழம் வரை காய்ந்த தூளைப் பார்த்துவிட்டு மக்கியது என்று நம்பிவிட்டான். தலைமுறை தலைமுறையாக வயலுக்குக் குப்பை கொட்டிய குடும்பத்தில் பிறந்தவன்தான் இப்படித் தவறுவான். எருவைக் கண்ணால் பார்த்திராத நானாக இருந்தால் மூட்டை எருவை வாங்கிப் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பேன்.

மறுநாள் விடிந்ததும் பம்ப் ரூமுக்குப் பின்னால் போனோம். மிச்ச எரு அங்கே கிடந்தது. என் வால்வு ஒன்று கசிந்து அதன் அடிப்பக்கம் ஈரமாகியிருந்தது. அம்மையப்பன் மண்வெட்டியால் நடுவில் பிளந்தான். மேலே தூள். உள்ளே பச்சைச் சாணி அப்படியே இருந்தது, நாற்றமும் கிளம்பியது. ஒவ்வொரு மண்வெட்டிக்கும் பத்துப் பதினைந்து புழு. முட்டைகளும் இருந்தன. அவன் மண்வெட்டியை ஊன்றி அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றான். எனக்கு அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"இது நமக்குள்ள இருக்கட்டும் ஓய்" என்றேன். "ஆருக்கும் தெரியாண்டாம். இதை வாரி வெளிய போட்டுருவோம். கேட்டா காத்து மாறிப்போச்சு, பூச்சி வந்துட்டுன்னு சொல்லலாம்."

"முடியாதுண்ணே. எரு மொத்தப் புல்லுலயும் கெடக்கு. பச்சையா இருக்கற பாதியிலயும் கீழ புழு இருக்கு, இன்னும் வெளிய தெரியல, அவ்வளவுதான். அதையும் பேத்து எடுத்துக் கூட்டணும்."

"நல்லா இருக்குத புல்லையா? ஒமக்குக் கிறுக்கா? இன்னும் நாலு வாரம் கூட இல்ல. மக்தூம் சம்மதிப்பாரா?"

"காத்து மாறிடுச்சுன்னு சொன்னா சம்மதிக்க மாட்டாரு. எவன் சம்மதிப்பான்? உள்ளதச் சொன்னாத்தான் விடுவாரு."

உண்மையைச் சொன்னால் அங்கேயே அவனை அனுப்பிவிடுவார்கள் என்று எனக்குப் பயம். சொல்லாமல் விட்டால் டிசம்பரில் பிளாஸ்டிக் வந்து அனுப்பிவிடும். இதில் எது மேல் என்று எனக்கு விளங்கவில்லை. அவனுக்கு அந்தக் குழப்பமே இல்லை. ரூமுக்குத் திரும்பி, வேறு யூனிஃபார்மை எடுத்து இஸ்திரி போட்டான். பெட்டியை அழுத்தித் தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அவ கேட்ட கேள்விய நான் கேட்டிருக்கணும்ல?" என்றான். அவன் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை.

மக்தூம் தன் அறையில் காவா காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நானும் கூடப் போனேன். வால்வுக் கசிவுக்காவது நான் நிற்க வேண்டும் அல்லவா? அம்மையப்பன் தன் உடைந்த இந்தியில் நேராக ஆரம்பித்தான். எருவை நான்தான் கொண்டுவந்தேன், பூச்சி அதில்தான் இருந்தது, தவறு என்னுடையது என்றான். பச்சையாக இருக்கும் பாதியையும் பெயர்க்க வேண்டும், கொஞ்ச நாள் பார்க்க மோசமாக இருக்கும், பிறகு சரியாகும் என்றான்.

மக்தூம் கோப்பையைக் கீழே வைத்தார். "அந்த எருவைப் பார்த்து வாங்கியது யார்?"

"நான்."

"நல்ல எரு என்று சொன்னது யார்?"

"நான்."

"இப்போது எடுத்தால் சரியாகிவிடும் என்று சொல்வது யார்?"

"அதுவும் நான்தான்" என்றான் அம்மையப்பன், கொஞ்சமும் கூசாமல்.

மக்தூம் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொண்டுவந்தவனே எடுத்துவிடு என்றார். ஆனால் தேதி மாறாது, பிளாஸ்டிக்குக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது என்றும் சொன்னார். வெளியே வந்ததும் அவன், "வாங்கண்ணே, நேரமாவுது" என்று முன்னால் நடந்தான்.

அடுத்த மூன்று வாரம் நாங்கள் வேலை செய்ததுபோல நான் எந்த சைட்டிலும் செய்ததில்லை. தட்டையான மண்வெட்டியால் புல்லை முழ அகலத்துக்கு நீள நீளமாக அறுத்து, பாயைச் சுருட்டுகிற மாதிரிச் சுருட்டினோம். அடியில் இருந்த புழுவைப் பொறுக்கினோம். மண்ணோடு கலந்திருந்த எருவை வாரியால் இழுத்துக் கூட்டினோம். ஆணிச்செருப்போடு மண்ணை மிதித்தோம். பிறகு புல்லை விரித்து உருளையை ஓட்டி, வேர் மண்ணில் படிகிற மாதிரி அழுத்தினோம். செத்துப்போன பாதியில், வெட்டிய அருகம்புல்லின் கொடிகளை ஒவ்வொரு சாணுக்கும் ஒன்றாக ஊன்றினான். கொண்டலாத்திகள் எங்கள் காலடியிலேயே நின்று தின்றன. நான் ஹோஸைத் தொடவே இல்லை.

வாரிய எருவை அவன் தூக்கி எறிய விடவில்லை. பம்ப் ரூமுக்குப் பின்னால் குவித்து, தண்ணீர் ஊற்றி, கறுப்பு பிளாஸ்டிக் தாளால் மூடினான். மூன்று நாளைக்கு ஒரு தடவை திறந்து கிளறுவான். இரண்டாவது தடவை கையை உள்ளே விட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டான். அவ்வளவு சூடு. புழு வெந்துபோயிருந்தது. "இப்பதாண்ணே இது மக்குது" என்றான். அன்றைக்கே வடிவுக்குப் போன் செய்து சூட்டைச் சொன்னான். அவள், "இத அப்பயே செஞ்சிருக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டாளாம்.

தண்ணீர் விஷயத்தில்தான் எங்கள் இருவருக்கும் பெரிய சண்டை. நான் டைமரில் ஒரு நாளைக்கு நாலு தடவை ஐந்தைந்து நிமிடம் என்று வைத்திருந்தேன். எங்கள் கம்பெனி சைட் எல்லாவற்றிலும் அப்படித்தான்.

"மேல் மண்ணு எப்பயும் ஈரமாவே இருந்தா வண்டு எங்கண்ணே போவும்? முட்ட வைக்க இங்கதான் வரும். வேரு பிடிக்கிற வரைக்கும் நாலு தடவ விடுங்க. அப்பறம் ரெண்டு நாளைக்கு ஒருக்க, ஆழமா."

"பதினோரு வருஷமா இந்த டைமரை வைக்குதது நானாக்கும். எனக்குப் படிச்சுத் தராதீரும்."

"பதினோரு வருஷமா வண்டுக்கும் சேத்துத்தான் தண்ணி விட்டிருக்கீங்க."

இரண்டு நாள் நான் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள், வேர் பிடித்ததும் டைமரை மாற்றுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அந்தியில் அம்மையப்பன் புல்வெளி ஓரத்துப் பேரீச்ச மரங்களுக்கு அருகே ஒரு விளக்கைக் கட்டி, கீழே அகலமான பேசினில் சோப்புத் தண்ணீர் வைத்தான். வெளிச்சத்துக்கு வந்த வண்டுகள் மோதி அதில் விழுந்தன. ஊரில் தென்னந்தோப்பில் இதற்கு ஆமணக்குப் புண்ணாக்கை ஊறவைத்துப் பானையில் வைப்பார்களாம். இங்கே புண்ணாக்குக்கு எங்கே போவது? விளக்கே போதும் என்றான்.

பெயர்த்து வைத்த புல் ஒரு வாரம் மஞ்சளாகிப் படுத்துக் கிடந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. மக்தூமின் டிரைவர் என்னிடம் வந்து, பாய் இது முடிந்துபோன கேஸ் என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது. ரூமில் என் பழைய பேப்பர்களைக் கிளறி, வேறு கம்பெனிகளில் யாரைத் தெரியும், இவனுக்கு எங்கே சொல்லிவைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மையப்பன் காலையும் மாலையும் ஏதோ ஓர் இடத்தில் குனிந்து, ஒற்றைப் புல்லைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு நிமிர்வான். டிசம்பர் எட்டாம் தேதி நிமிர்ந்தபோது, "பிடிச்சிருச்சு" என்றான். அன்றே நான் டைமரை மாற்றினேன்.

பதினைந்தாம் தேதி காலை ஒன்பது மணிக்கே பிளாஸ்டிக் புல் வந்துவிட்டது. பெரிய லாரி, பச்சைச் சுருள்களை வானத்துக்கு அடுக்கியிருந்தார்கள். விரிக்கிற ஆட்கள் ஆறு பேர் கத்தியும் பசை டின்னுமாக இறங்கி நின்றார்கள். எங்கள் புல்வெளி அவற்றின் பக்கத்தில் ஏழையாகத்தான் தெரிந்தது. ஒரு பாதி பச்சை திரும்பியிருந்தது. ஊன்றிய பாதியில் கொடிகள் ஒன்றையொன்று எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தன, நடுவே மண் தெரிந்தது.

மக்தூம் வந்தார். அம்மையப்பனிடம் கையை நீட்டி மண்வெட்டியை வாங்கினார். எந்த இடம் என்று கேட்கவில்லை, தானாகவே போய் மூன்று இடத்தில் வெட்டினார். முதல் குழியில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் இரண்டு புழு இருந்தது.

 "அதுதான் கடைசி. இனி மாஃபி, புழுவே இல்லை, எல்லாம் கலாஸ்" என்று நான் அவசரமாகச் சொன்னேன்.

"இல்லை" என்று அம்மையப்பன் இந்தியில் குறுக்கிட்டான். "இன்னும் இருக்கும். எப்போதும் கொஞ்சம் இருக்கும். ஒன்று இரண்டு இருந்தால் பறவை பார்த்துக்கொள்ளும். பதினேழு வந்தால் நான் பார்த்துக்கொள்வேன். அடுத்த வருடமும் வண்டு வரும், அதற்கும் நான் இருப்பேன்."

இவன் வாயை யாராவது தைக்கமாட்டார்களா என்று எனக்கு இருந்தது. பிளாஸ்டிக்காரர்களின் மேஸ்திரி அருகில் வந்து, எங்கள் சரக்கில் பத்து வருடத்துக்கு ஒரு பூச்சி வராது என்றான். மக்தூம் ஷிஜியைப் பார்த்துத் தலையசைத்தார். ஷிஜி ஷம்மாவைத் தூக்கிவந்து, பச்சை திரும்பிய பாதியில் குப்புறப் படுக்க வைத்தாள்.

குழந்தை கொஞ்ச நேரம் கன்னத்தைப் புல்லில் வைத்துக்கொண்டு சும்மா கிடந்தது. ஐந்து வாரமாகிவிட்டது, மறந்திருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். பிறகு வலது கையை நீட்டி ஒரு பிடி புல்லைப் பற்றியது. இழுத்தது. புல் வரவில்லை. குழந்தைதான் புல்லை நோக்கிப் போனது. இடது கையை நீட்டி இன்னொரு பிடி. அதுவும் வரவில்லை. முனகிக்கொண்டே, முகமெல்லாம் சிவந்து, ஒரு முழம், இரண்டு முழம், அப்பா நின்ற இடத்தைப் பார்த்து வந்துகொண்டே இருந்தது. ஷிஜி இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டாள். என் கண் நிறைந்துவிட்டது, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. குழந்தை மக்தூமின் செருப்பை எட்டிப் பிடித்தது.

அவர் குனிந்து மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.  பிறகு அம்மையப்பனிடம், உனக்கு என்ன வேண்டும் சொல் என்றார்.

விசாப் பேப்பரைச் சொல்லப்போகிறான் என்று நான் காத்திருந்தேன். அவன் அவரைத் தாண்டிக் கேட் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். முகம் சுண்டியிருந்தது.

"அந்த லாரியை முதலில் பின்னால் எடுக்கச் சொல்லுங்கள். சக்கரம் புல்மேல் நிற்கிறது."

மக்தூம் திரும்பிப் பார்த்தார். முன்சக்கரம் ஒன்று ஊன்றிய கொடிகளின் மேல் சாண் அளவுக்கு ஏறி நின்றது. மகளைத் தோளில் வைத்தபடியே மறு கையை உயர்த்தி டிரைவருக்குச் சைகை காட்டினார். லாரி பின்னால் போனது. டிரைவர் போதுமா என்று தலையை வெளியே நீட்டினான். மக்தூமின் கை இன்னும் இறங்கவில்லை. கேட்டைத் தாண்டி, ரோட்டுக்கு ஏறி, லாரி திரும்பும் வரைக்கும் அவர் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.